46 வயதில் புரூஃப் பார்க்க வரலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதினேன். இப்போது கடையை மூடிவிட்டார்கள். பி.காம். படித்தவள். சின்ன வயதிலிருந்தே கதைப் புத்தகம் என்றால் உயிர். நூலகப் புத்தகத்தில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் மனசு கேட்காது, ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தும் புரூஃப் (மெய்ப்பு) பார்க்கும் வேலைக்கு வரலாமா என்று தோன்றுகிறது. தமிழ் எம்.ஏ. இல்லாமல் வேலை கொடுப்பார்களா? எங்கே கற்றுக்கொள்வது? கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் திருத்திவிடும்போது ஆள் எதற்கு என்கிறான் மகன். கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன். ஒரு பதிப்பகத்துக்கு அவர்களுடைய புத்தகத்தில் இருந்த பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பி வேலை கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாக வாருங்கள். வயது இதற்குத் தடையே இல்லை. தமிழ் எம்.ஏ. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கதவு மூடியிருக்காது. பெரும்பாலும் சான்றிதழைப் பார்த்து இந்த வேலையைக் கொடுப்பதில்லை. பத்துப் பக்கம் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பத்துப் பக்கம் எப்படித் திரும்பி வருகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த பேச்சு.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை கண்ணில் படுவது இந்த வேலையில் பாதிதான். பிழை மாதிரி தெரிவதில் கை வைக்காமல் இருப்பது மறு பாதி. உங்களைப் போல ஆர்வத்தோடு வருகிறவர்களுக்கு முதல் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கும், தடுமாறுவது இரண்டாவதில்தான். நான்கு பிழையை விட்டவரைப் பதிப்பாளர் கொஞ்சம் கடிந்துகொண்டு மறுபடியும் கூப்பிடுவார். எழுத்தாளரின் வாக்கியத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியவரை அநேகமாகக் கூப்பிட மாட்டார்.

ஒரு சின்னப் பத்தியை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்துக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“மறுநாள் காலை அவர் தான் முதலில் எழுந்தார். சுவற்றில் மாட்டியிருந்த படத்தை பார்த்தார். பணி விழுந்த முற்றத்தில் இரண்டு நாய்கள் படுத்து இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, ‘ஏல, காப்பி குடிச்சிட்டு போ’ என்றாள்.”

இதில் திருத்த வேண்டியவை ஐந்து. அழுத்தத்துக்காக வரும் ‘தான்’ முந்தைய சொல்லோடு சேரும், எனவே ‘அவர்தான்’. ‘கயிறு’ கயிற்றில் ஆகும், ‘வயிறு’ வயிற்றில் ஆகும். ‘சுவர்’ அப்படி ஆகாது, ‘சுவரில்’தான். ‘படத்தைப் பார்த்தார்’ என்று நடுவில் ‘ப்’ என்ற ஒற்று வேண்டும். முற்றத்தில் விழுந்தது ‘பனி’. நாய்கள் இரண்டு, ஆகவே ‘படுத்திருந்தன’.

அம்மாவின் பேச்சுக்கு வாருங்கள். ‘ஏல’, ‘காப்பி’, ‘குடிச்சிட்டு’ எதையும் தொடக் கூடாது. அது அந்த ஊர் அம்மாவின் வாய். அதை ‘டேய், காபி குடித்துவிட்டு’ என்று மாற்றினால் அந்த அம்மாவே கதையிலிருந்து காணாமல் போய்விடுவார். சரி, ‘குடிச்சிட்டுப் போ’ என்று ஒற்றுப் போட வேண்டாமா? இலக்கணப்படி போட வேண்டும். ஆனால் பேச்சு வரும் இடத்தில் ஒற்றுப் போடும் பதிப்பகங்களும் உண்டு, போடாதவையும் உண்டு. இங்கே நீங்கள் திருத்தவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ‘உரையாடலில் ஒற்று வேண்டுமா?’ என்று கேளுங்கள். ஒருமுறை பதில் கிடைத்துவிட்டால் புத்தகம் முழுவதற்கும் அதுவே விதி.

திருத்துவது, விடுவது, கேட்பது என்ற இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கை பழக வேண்டும். கேட்பதற்குப் புதியவர்கள் கூச்சப்படுவார்கள், நமக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று. அந்தக் கூச்சமே வேண்டாம். சரியான இடத்தில் கேள்வி கேட்கிறவர்மேல் பதிப்பாசிரியருக்கு நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

இலங்கை எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதி உங்களிடம் வந்தால் இது இன்னும் முக்கியம். அவர்கள் ‘ரீச்சர்’ என்று எழுதுவார்கள், ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார்கள். நமக்கு டீச்சரும் டொரண்டோவும் பழக்கம் என்பதற்காக அதையெல்லாம் பிழை என்று சிவப்பு மையில் சுழிப்பது பெரிய அநியாயம். அது அவர்களுடைய எழுத்து வழக்கு, அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. ‘கதைத்தார்கள்’ என்றால் அங்கே பேசினார்கள் என்று பொருள். ‘வடிவு’ என்றால் அழகு. தெரியாத சொல் வந்தால் முதலில் நமக்குத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, எங்கிருந்து கற்பது என்ற கேள்வி.

இலக்கணத்தில் முதலில் ஒற்று. வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று பள்ளியில் படித்ததை மறுபடி எடுங்கள். அ. கி. பரந்தாமனார் எழுதிய ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ இதற்குப் போதும். விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு விதிக்கும் ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்வது கைகொடுக்கும். ‘வேலை கொடு’ என்றால் உத்தியோகம் கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறோம். இப்படி ஒன்று மனதில் தங்கிவிட்டால் இரண்டாம் வேற்றுமைக்குப் (‘ஐ’ உருபுக்குப்) பின் ஒற்று மிகும் என்பது பிறகு மறக்காது.

அதைவிடக் கடினமானது சொற்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும். தமிழில் புரூஃப் பார்க்கிறவர்களுக்கு அதிக நேரம் போவது இங்கேதான் என்பேன். ‘கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான்’ என்பதில் சேர்ந்திருக்க வேண்டும். ‘மகளைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டான்’ என்பதில் பிரிந்திருக்க வேண்டும். முதலாவதில் ‘விட்டான்’ துணைவினை, இரண்டாவதில் அதுவே வினை. ‘கொள்’, ‘போ’, ‘பார்’, ‘வை’ எல்லாம் இப்படி இரண்டு வேலை செய்யும். ‘எடுத்துப் பார்த்தான்’, ‘சொல்லிப்பார்த்தான்’ இரண்டையும் மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள், வித்தியாசம் தெரியும். மொழி அறக்கட்டளை தயாரித்த ‘தமிழ் நடைக் கையேடு’ இந்த விஷயத்தையும் நிறுத்தக்குறிகளையும் தெளிவாகப் பேசுகிறது. கிடைத்தால் விடாதீர்கள்.

அகராதி கட்டாயம் மேசைமேல் இருக்க வேண்டும். இன்றைய எழுத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் விரிவாக்கிய பதிப்பு, 2020இல் மூன்றாவது. கடைசிப் பதிப்பை வாங்குங்கள். இந்தத் தொழிலில் நீங்கள் செய்யும் பெரிய முதலீடே அதுதான். பழைய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகவே தேடலாம். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த சொல்லையும் தேடிப் பாருங்கள். ‘பதட்டமா’ ‘பதற்றமா’, ‘கோர்த்தா’ ‘கோத்தா’, ‘உடமையா’ ‘உடைமையா’ என்று தேடத் தேட, நமக்கு நிச்சயம் என்று இருந்தவற்றில் எத்தனை வெறும் பழக்கம் என்று தெரியவரும்.

பயிற்சிக்குத் தமிழ் விக்கிமூலத்தை, அதாவது தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் இலவச இணைய நூலகத்தை, பரிந்துரைப்பேன். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை. நாட்டுடைமையான நூல்கள் அங்கே நிறைய இருக்கின்றன. திரையில் ஒரு பாதியில் அச்சுப் பக்கத்தின் படம், மறு பாதியில் கணினி அதைப் படித்து உருவாக்கிய எழுத்து. படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ‘ர’ வர வேண்டிய இடத்தில் துணைக்கால் வந்திருக்கும், ‘ஔ’ வேண்டிய இடத்தில் ‘ஒள’ என்று இரண்டு எழுத்தாக இருக்கும். ‘எ’ என்று நீங்கள் நினைப்பது தமிழ் எண் ஏழாக இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். எழுத்துச் சீர்திருத்தம் நடந்த 1978க்கு முந்தைய அச்சு என்றால் ‘ணை’, ‘லை’, ‘னா’, ‘றா’ எல்லாம் பழைய கொம்பும் சுழியுமாக இருக்கும். பார்த்து முடித்த பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறும். வேறொருவர் அதைச் சரிபார்த்தால் பச்சை.

அந்த இரண்டாவது ஆள்தான் உங்கள் ஆசிரியர். பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், நீங்கள் விட்டதில் அவர் எதையெல்லாம் பிடித்தார் என்று வரிக்கு வரி காட்டும். சம்பளம் இல்லாத வேலைதான், ஆனால் நம் கண் எங்கே தவறுகிறது என்று இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. மூல நூலில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் அங்கே தர வேண்டும், மேம்படுத்தக் கூடாது. ஒரு முழு நூலை இப்படிச் செய்து முடித்தால், கையைக் கட்டிக்கொண்டு படிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

கடையில் கணக்கு எழுதியதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பேன். பேரேட்டைச் சரிபார்க்கிறவர் பொருளைப் படிப்பதில்லை, ஒவ்வொரு இலக்கத்தையும் பார்க்கிறார். மெய்ப்புப் பார்ப்பதற்கு வேண்டிய கண்ணும் அதுதான். கதையில் விழுந்துவிட்டால் பிழை தெரியாது. நாம் எதிர்பார்க்கும் எழுத்தை மூளையே நிரப்பிக்கொண்டு போய்விடும். அதனால்தான் வரிக்குக் கீழே ஒரு அடிக்கோல் வைத்துக்கொண்டு, உதடு அசையப் படிக்கச் சொல்கிறோம். இலக்கியப் பித்து உள்ளவர்களுக்கு இது சிரமம். கணக்கு எழுதியவருக்கு அவ்வளவு சிரமம் இராது.

அப்புறம், நடுவயதுக்காரரின் அனுபவம். மூன்றாம் அத்தியாயத்தில் 1962இல் பிறந்த கதாநாயகிக்கு ஒன்பதாம் அத்தியாயத்தில், 1992இல், 25 வயது என்று இருந்தால் உங்களுக்குச் சட்டென்று உறுத்தும். ஆடி மாதத்தில் கல்யாணம் நடந்தால், 1980இல் ஒருவர் செல்போனில் பேசினால், ஜரிகையைப் பற்றியோ கஜக் கணக்கைப் பற்றியோ தப்பாக எழுதியிருந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். இருபத்து மூன்று வயதுக்காரருக்கு இது தெரிய வாய்ப்புக் குறைவு. இவையும் திருத்துவதற்கு அல்ல, கேட்பதற்கு. ஆடிக் கல்யாணத்தை அந்த ஆசிரியர் வேண்டுமென்றே வைத்திருக்கலாம்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தாள் ஒதுக்கிச் சொற்பட்டியல் எழுதிவாருங்கள். கறுப்பா கருப்பா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா, நாள்களா நாட்களா, இயக்குநரா இயக்குனரா? இவற்றில் பலவற்றுக்கு அறிஞர்களே இரண்டு கட்சி. நமக்கு ஒரு கட்சி இருக்கலாம், ஆனால் புத்தகத்தில் பதிப்பகத்தின் கட்சிதான். முதல் பக்கத்தில் ‘சுப்ரமணியன்’ என்று வந்தவர் கடைசிப் பக்கம்வரை ‘சுப்பிரமணியம்’ ஆகாமல் இருக்க வேண்டும். பாத்திரங்களின் பெயர், ஊர்ப் பெயர், உறவுமுறை எல்லாவற்றையும் பக்க எண்ணோடு குறியுங்கள்.

இரண்டாம் புரூஃப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் புரூஃபில் சொன்ன திருத்தம் ஒவ்வொன்றும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அது. திருத்தம் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பிழை முளைத்திருக்கும். ஒரு சொல்லைச் சேர்க்கும்போது அடுத்த சொல் அழிந்திருக்கும். பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு வரித் தொடக்கத்தில் ‘ன்’, ‘ள்’ மாதிரி புள்ளி எழுத்துத் தனியாக வந்து நிற்கிறதா என்று பாருங்கள். உள்ளடக்கத்தில் இருக்கும் பக்க எண்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபாருங்கள். கடைசியாக அட்டை, முதுகு, பின்னட்டை, தலைப்புப் பக்கம், ஐஎஸ்பிஎன்னின் 13 இலக்கங்கள், விலை. பெரிய எழுத்தில் இருக்கும் பிழையை எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் தாண்டிப் போய்விடுவார்கள். எழுத்தாளரின் பெயரிலேயே பிழையோடு அட்டை அச்சாவது இப்படித்தான்.

உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாணி, நாவி போன்ற இலவசத் திருத்திகள் இருக்கின்றன, மென்தமிழ் என்ற மென்பொருள் இருக்கிறது. எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள், முதல் தடவை சலித்தெடுக்க நல்லவை. ஆனால் மேலே பார்த்த ‘பணி விழுந்த முற்றம்’ இருக்கிறதே, ‘பணி’ என்பது அகராதியில் உள்ள சொல் என்பதால் சொல்லை மட்டும் பார்க்கும் திருத்தி அதைத் தாண்டிப் போய்விடும். மனம், மணம், கரை, கறை, அரை, அறை, அலை, அழை எல்லாம் இதே கதை. செல்போனில் பேசியே நாவல் எழுதுகிறவர்கள் வந்துவிட்டதால் இந்த வகைப் பிழை கூடிக்கொண்டுதான் போகிறது. மறுபக்கம், ‘ஏல’வையும் ‘குடிச்சிட்டு’வையும் அதே திருத்தி பிழை என்று காட்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் பிழையை நன்றாகவே பிடிக்கிறது, ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வாக்கியத்தையும் வழவழப்பாக்கிவிடுகிறது. எங்கே மாற்றியது என்று நீங்கள் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இன்னும் அச்சாகாத ஒருவருடைய பிரதியை அவர் அனுமதி இல்லாமல் அதில் ஏற்றவும் கூடாது. சாதாரண எழுத்துப்பிழை பிடிக்கிற வேலை குறையும் என்றுதான் நானும் நினைக்கிறேன். எதை விட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கிற ஆள் அப்போதும் தேவைப்படுவார். நீங்கள் அதற்குத் தயாராகுங்கள்.

கண்ணைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இந்த வயதில் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவதுதான். தாளைப் பிடிக்கும் தூரம் வேறு, கணினித் திரையின் தூரம் வேறு. கண் மருத்துவரிடம் இரண்டையும் அளந்து சொல்லி, திரைக்குத் தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கேளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, இருபது அடிக்கு அப்பால் இருப்பதை இருபது விநாடி பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்த்த பக்கங்களைக் காலையில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

பதிப்பகத்துக்குப் பிழைப் பட்டியல் அனுப்புவதைக் கைவிடுங்கள். உங்கள் நோக்கம் நல்லதுதான், ஆனால் அதைத் திறப்பவர் அந்தப் புத்தகத்துக்காக ராத்தூக்கம் கெட்டவராக இருப்பார். முதல் அறிமுகமே குற்றப்பத்திரிகையாக இருக்க வேண்டாம். ஐந்து வரியில் கடிதம் எழுதுங்கள்: இன்னார், இந்த ஊர், இன்ன இன்ன நூல்களை விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்திருக்கிறேன், மாதிரிக்குப் பத்துப் பக்கம் தந்தால் செய்து காட்டுகிறேன். அவ்வளவு போதும்.

பெரிய பதிப்பகங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்கள் ஏராளம், அவர்களுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. தமிழ்த் துறைகளில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் கோயில்களுக்குக் குறைவில்லை. கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் அச்சடிக்கும் அச்சகங்களில் சொல்லிவையுங்கள். எப்போது கேட்பது என்பதும் முக்கியம். தமிழில் புதுப் புத்தகங்கள் பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வருகின்றன. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை எல்லோரும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள், புது ஆளைச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்காது. ஜூன், ஜூலையில் கதவைத் தட்டினால், அந்த ஓட்டம் தொடங்கும்போது உங்கள் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

பணம் அதிகம் வராது. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் ஒன்றிரண்டு வருடம் வேறு வருமானத்தோடு சேர்த்துச் செய்வதுதான் உத்தமம். பக்கக் கணக்கில்தான் கூலி பேசுவார்கள். எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஏ4 தாளில் நெருக்கமாகத் தட்டிய ஒரு பக்கம், அச்சில் டெமி அளவில் (வழக்கமான புத்தக அளவு) இரண்டு பக்கத்துக்கு வரலாம். சொற்கணக்கில் பேசிக்கொண்டால் தகராறு இல்லை. உங்கள் வேகத்தையும் அளந்துவையுங்கள். கவனமாகப் பார்த்தால் மணிக்கு எட்டு டெமி பக்கம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 200 பக்கப் புத்தகத்துக்கு முதல் பார்வைக்கே 25 மணி நேரம். இரண்டாம் புரூஃபுக்கு அதில் பாதியாவது போகும். அந்தக் கணக்கை வைத்து, சொல்லும் தொகை உங்களுக்குக் கட்டுமா என்று பாருங்கள். எத்தனை புரூஃப் அந்தத் தொகைக்குள் அடங்கும், பணம் எப்போது வரும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனி எழுத்தாளர் என்றால் பாதி முன்பணம். தெரிந்தவர், கோயில் காரியம் என்று வருகிறவர்களிடமும் தொகையைச் சொல்லிவிட்டே பிரதியைக் கையில் வாங்குங்கள். இலவசமாகச் செய்ய மனமிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடலாம்.